ஆடி அமாவாசைக்குப் பன்னிரண்டு பேர்

1

ஊருக்குப் போகிறவர்களிடம், "எங்கள் வீடு இருக்கிறது, அங்கேயே தங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்வது நல்ல காரியமா, கெட்ட காரியமா? மலாயாவுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. வந்த முதல் வருடத்திலிருந்தே இதைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். சொன்னது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பிறந்த ஊர் ராமேசுவரம். கணவருக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். தைப்பிங் நகரத்துக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் கிராணியாக இருக்கிறார். ஆபீஸ் குமாஸ்தாவை இங்கே கிராணி என்கிறார்கள். இந்த ஊரில் சாயங்காலமானால் மழை. துணி காய்வதுதான் கஷ்டம். வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது; திறந்தால் தண்ணீர் வரும், மூட மறந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். ஆறு வயது மகள் குழாயைத் திறந்துவிட்டுப் பொம்மையைக் குளிப்பாட்டுகிறாள். தண்ணீர் என்று சொல்ல அவளுக்கு வருவதில்லை. மலாய்க்காரப் பிள்ளைகளோடு விளையாடி, "அம்மா, ஆயர்" என்றுதான் கேட்கிறாள். "மொதல்ல கொழாய மூடு" என்று நான் சத்தம் போட்டால் கணவர் சிரிப்பார்.

"நீ இங்கன மூடுனா ராமேசுவரத்துல போய்ச் சேருமாக்கும்?"

சேராது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எழுந்துபோய் மூடிவிட்டுத்தான் உட்காருவேன்.

சென்ற மாதம் நடந்த ஒரு சின்ன விஷயத்தினால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குச் சீமையிலிருந்து ஒரு தம்பதி விருந்தாளியாக வந்திருந்தார்கள். மரத்தில் பால் வெட்டுவதைப் பார்த்தார்கள், ரப்பர் காயவைக்கிற புகைக் கூடத்தைப் பார்த்தார்கள். அதன்பிறகு தமிழர் வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டார்களாம். துரை எங்கள் வீட்டைக் காட்டிவிட்டார். அந்த அம்மாள் நேராக அடுப்படிக்கு வந்து ரசச் சட்டியின் மூடியைத் தூக்கி மோந்து பார்த்தாள். என்னை ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். நல்லவர்கள்தான். மகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

அவர்கள் போன பிறகுதான் எனக்குக் கன்னம் வலித்தது. அவ்வளவு நேரமும் சிரித்தபடியே நின்றிருக்கிறேன்.

"நம்ம வீட்டுல பாக்குறதுக்கு என்னம்மா இருக்கு?" என்று மகள் கேட்டாள். அந்தக் கன்ன வலியோடு எனக்கு ஊரில் இருக்கும் அண்ணன் மனைவி, என் மதினியின் முகம் ஞாபகம் வந்தது.

2

நான் வந்த புதிதில் இந்தத் தோட்டத்தில் என்னை யாருக்கும் தெரியாது. மற்ற கிராணி வீட்டுப் பெண்கள் கொஞ்சம் இங்கிலீஷ் பேசினார்கள், பாசார் என்கிற சந்தையில் மலாயில் பேரம் பேசினார்கள். நான் பள்ளி இறுதி வரை படித்தவள் என்று சொன்னால், "அப்படியா" என்றார்கள். அவ்வளவுதான். தோட்டத்துக் கோவிலில் முதல் வெள்ளிக்கிழமை ஒரு வயதான அம்மாள், "உனக்கு எந்த ஊரு தாயி?" என்று கேட்டார். சொன்னேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பொறந்ததே ராமேசுவரமா. நாங்கள்லாம் சாகுறதுக்குள்ள ஒரு தடவ பாத்துற மாட்டமான்னு இருக்கோம்."

அன்றிலிருந்து எனக்கு ஒரு மதிப்பு வந்தது. அந்த மதிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான், முதல்முதலாக ஒரு குடும்பம் யாத்திரை போகிறோம் என்று சொன்னபோது, கேட்காமலே வாயில் வந்தது: "சத்திரத்துல எதுக்குத் தங்குறீங்க? எங்க வீடு கோயிலுக்குப் பக்கந்தான். அய்யா இருக்காக. போய் எறங்குங்க."

அய்யா என்பது என் அப்பா. தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் உடனே கடிதம் எழுதினார். நீ அனுப்பியவர்கள் வந்தார்கள், நல்லபடியாகக் கவனித்து அனுப்பினோம், மலாயாவில் உங்கள் மகளுக்கு இத்தனை செல்வாக்கா என்று தெருவே கேட்டது என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். அதன்பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று குடும்பங்கள். ஒவ்வொன்றையும் நான்தான் அனுப்பினேன்.

எனக்கு இங்கே பெருமை, அய்யாவுக்கு அங்கே பெருமை. இரண்டையும் யார் சுமந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாத வேலை இல்லை.

3

எங்கள் வீட்டுக் கிணறு உப்பு. பாத்திரம் கழுவலாம், துணி அலசலாம், குடிக்க முடியாது. குடிக்கிற தண்ணீருக்கு ஊருக்கு வெளியே மணலில் தோண்டிய ஊற்றுக்குத்தான் போகவேண்டும். விடிவதற்கு முன்பே போய் வரிசையில் உட்காரவேண்டும். குழிக்குள் இறங்கி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மோந்து மோந்து குடத்தில் ஊற்றவேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் கலங்கிவிடும். தெளிகிறவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீர் தெளிவதற்காகப் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசி அதில் ஊற்றி மூடிவைப்போம். அந்தப் பானையை யாரும் சும்மா தொடக்கூடாது.

என் அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். எனக்குப் பதினான்கு வயதில் அண்ணனுக்குக் கல்யாணமாகி மதினி வந்தார். அபிராமத்துப் பெண். கடலையே பார்த்ததில்லை. வந்த மறுநாள் என்னோடு ஊற்றுக்கு வந்தவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல கம்மா வத்துனா எல்லாம் வத்திப்போகும், அது ஒரு ஞாயம். இங்கன சுத்தியும் இம்புட்டுத் தண்ணிய வச்சுக்கிட்டு ஒரு செரட்டைக்குக் காத்துக் கெடக்கீகளே" என்று சிரித்தார்.

ஊற்றங்கரையில் பெண்களுக்குப் பேச யாத்திரைக்காரர்கள்தான் கிடைப்பார்கள். அடுத்த தெரு அக்கா ஒருவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"கடல்ல முங்குனாக. கோயில் கெணறு அம்புட்டுலயும் குளிச்சாக. வீட்டுக்கு வந்து, 'ஒரு வாளி நல்ல தண்ணி குடுங்க, மேலெல்லாம் பிசுபிசுங்குது'ங்காக. பாவம் போயிருச்சாம், உப்புத்தான் போகலையாம்."

எல்லோரும் சிரித்தோம்.

"அவுக வரலன்னா ஒன் வீட்டு அடுப்பு எரியுமாடி?" என்றார் இன்னொருவர்.

"எரியாது. அதான் வீட்ல வாயப் பொத்திக்கிட்டு, இங்கன வந்து சிரிக்கேன்."

எங்கள் வீட்டு அடுப்பும் அப்படி எரிந்ததுதான். அண்ணன் கோவில் தெருவில் சங்கு, சிப்பி மாலை விற்கிற கடை வைத்திருக்கிறார். வடக்கே இருந்து கூட்டம் வந்தால் நல்ல அரிசி வாங்குவோம், வராவிட்டால் கஞ்சி. அதனால் வருகிறவர்களை வெறுக்கவும் எங்களால் முடியாது, ஆசையாக வாங்க என்று சொல்லவும் முடியாது. ஒருநாள் இதை மதினியிடம் சொன்னேன். அவர் இடுப்பில் குடத்தோடு நடந்துகொண்டே சொன்னார்:

"கடைக்கு வந்தா யாவாரம், தாயி. கேக்குற வெலயச் சொல்லலாம், கட்டலன்னா போங்கன்னும் சொல்லலாம். வீட்டுக்கு வந்தா விருந்து. விருந்தாளிட்ட எதச் சொல்ல முடியும்?"

இதைக் கேட்டவள்தான், கப்பல் ஏறி வந்து, வீட்டுக்கு ஆள் அனுப்பினேன்.

4

இந்த வருடம் மாசி சிவராத்திரிக்கு எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியும் அவர் மனைவியும் ராமேசுவரம் போனார்கள். என் கணவருக்கு மேலே இருப்பவர் அவர். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். தாராளமான மனசு. என் பிரசவத்தின்போது பத்து நாள் எனக்குச் சமைத்துப் போட்டவர். அவர்களை நான் அனுப்பாமல் வேறு யாரை அனுப்புவேன்?

பங்குனிக் கடைசியில் திரும்பி வந்தார்கள். வந்த அன்றே அக்கா என் வீட்டுக்கு வந்தார். கையில் மதினி கொடுத்துவிட்ட ஓலைப்பெட்டி, அதில் கருப்பட்டி. கூடவே வாய் அடைத்த ஒரு சின்னச் செம்பு.

"உன் ஊரு தீர்த்தம். உனக்குன்னு தனியா எடுத்து வச்சேன்" என்றார்.

செம்பைத் திறந்து மகளின் தலையில் தெளித்துவிட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுக் குடித்தேன். உப்பில்லை. கோவில் கிணறுகளின் தண்ணீரும் எனக்குத் தெரியும், அது இல்லை. நாக்கில் லேசான ஒரு துவர்ப்பு. தேத்தாங்கொட்டை உரசிய பானைத் தண்ணீர்.

"அக்கா, இது எந்தத் தீர்த்தத்துல எடுத்தது?"

"அதை ஏன் கேக்குற. கோயில்ல எடுத்ததை ஒரு பித்தளைத் தூக்குல வச்சிருந்தோம். கிளம்புற அவசரத்துல இவர் காலு பட்டுக் கவிழ்ந்துடுச்சு. இங்க எல்லாருக்கும் கொண்டுவர்றேன்னு சொல்லிட்டேனே, ரயிலுக்கும் நேரமாச்சே, வீட்ல தீர்த்தம் இருக்குமான்னு உங்கப்பாவைக் கேட்டேன். 'எங்க வீட்டுல இருக்கிற எல்லாமே தீர்த்தந்தான்'னாரு. உங்க மதினி ஒரு வார்த்தை பேசாம உள்ள போயி, நாங்க வாங்கி வச்சிருந்த ஏழு செம்பையும் நெரப்பிக் கொண்டாந்து வச்சாங்க."

அய்யா பெருமையாகச் சொல்லியிருப்பார். சிரிப்புக்குச் சொல்லியிருப்பார். அவர் சொன்னதை அக்கா அப்படியே எடுத்துக்கொண்டார். மதினி என்ன செய்வார்? இது குடிக்கிற தண்ணீர் என்று சொன்னால் மாமனார் சொன்னது பொய்யாகிவிடும். அந்தப் பானையைத்தான் சாய்த்திருப்பார். அன்று வீட்டில் எல்லோரும் எதைக் குடித்தார்கள் என்று தெரியவில்லை.

அக்கா பேசிக்கொண்டே போனார். எல்லாம் புகழ்ச்சி.

"மகாலட்சுமி மாதிரி மதினி உனக்கு. இங்க நமக்கு ரெண்டு வேளை குளிச்சுப் பழக்கமில்லையா? அங்கேயும் அப்படித்தான். கேட்டபோதெல்லாம் நல்ல தண்ணி. தண்ணிக்குப் பஞ்சம்னு ஊர்ல சொன்னாங்க, உங்க வீட்ல அந்தப் பேச்சே இல்லை. அதுவும் முழுகாம இருக்கிற பொம்பளை."

"யாரு முழுகாம இருக்கா?"

"உனக்குத் தெரியாதா? மூணு மாசம்னாங்க. சொன்னா கண்ணு பட்டுடும்னு எழுதலை போலிருக்கு."

மதினிக்கு இரண்டு முறை தங்கவில்லை. முதல் தடவை நான் ஊரில் இருந்தேன். இரண்டாவது, நான் இங்கே வந்த பிறகு. கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து இது மூன்றாவது.

"அடுத்து ஆடி அமாவாசைக்கு நம்ம பஜனைக் கோஷ்டி பன்னிரண்டு பேர் வர்றோம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார் அக்கா. "ஏழாம் மாசம் அம்மா வீட்டுக்குப் போறதா இருந்தாங்களாம். 'நீங்க வந்துட்டுப் போங்க, அமாவாச கழிச்சுப் போய்க்கிறேன்'னாங்க. எவ்வளவு ஆசை பாரு."

நான் அக்காவுக்குக் காபி கலக்கப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரத்தைப் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டத்தில் ஏழு வீட்டுப் பூசை அலமாரியில் இப்போது மதினியின் குடிதண்ணீர் இருக்கிறது. ஒரு வீட்டில் பிறந்த குழந்தைக்கு நாக்கில் தொட்டு வைத்தார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் மனம் வருந்தும். சொல்லாமலிருப்பதும் எனக்குச் சரியாகப்படவில்லை.

5

ஆடியில் மதினிக்கு எட்டாம் மாதம். எங்கள் பக்கத்தில் எட்டில் அம்மா வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அமாவாசை வரை நின்றுவிட்டால், ஒன்பது பிறந்த பிறகு பாம்பன் பாலம் தாண்டி ரயிலிலும், அதன்பிறகு குலுங்குகிற பஸ்ஸிலும் அபிராமம் போகவேண்டும். அதற்கு முன்னால் பன்னிரண்டு பேருக்குச் சமையல், பன்னிரண்டு பேருக்குத் தண்ணீர். ஆடியில் ஊற்று மிகவும் கீழே போய்விடும். குழிக்குள் இறங்கிக் குனிந்துதான் மோக்க முடியும்.

கணவரிடம் சொன்னேன்.

"பெரிய கிராணிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? எங்க மாமனார் வீட்டுக்குப் போகாதீகன்னா சொல்ல முடியும்?"

"சத்திரத்துல எடம் பாத்துத் தாரோம்னு சொல்லுங்க."

"நீதான மொதல்ல போகச் சொன்னவ" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

பிறகு நானே அக்காவிடம் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

"அக்கா, ஆடியில வீட்டுல வசதி பத்தாது. கோயிலுக்குப் பக்கத்துல நல்ல சத்திரம் இருக்கு."

"வசதியைப் பாத்தா போறோம்? ஒரு ஓரமாப் படுத்துக்குவோம்."

"மதினிக்கு முடியாம இருக்கும் அப்ப."

"அதுக்குத்தானே நாங்க அஞ்சாறு பொம்பளைங்க இருக்கோம். அவங்களை ஒரு வேலை செய்ய விடமாட்டோம், நீ கவலைப்படாதே."

அவர் உண்மையாகத்தான் சொல்கிறார். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர் பார்த்ததில்லை. அவர் எழுவதற்கு முன்பே அது வந்துவிடுகிறது. அதையாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தச் செம்பு விஷயமும் வெளியே வரும். வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, பிரசவத்தில் எனக்குச் சமைத்துப் போட்டவரிடம் பாதிப் பொய் பேசிவிட்டு வந்தோமே என்று அதற்கும் ஒரு வருத்தம்.

நானே ஊருக்குப் போய் மதினிக்கு உதவியாக இருக்கலாம் என்று நினைத்தேன். இந்த நாட்டிலிருந்து போனால் திரும்பி வர அனுமதிச் சீட்டு வேண்டும். குடியேற்ற ஆபீசில் இரண்டு தடவை போய் நின்றேன். மகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரியாகவும், என் காகிதத்தில் வேறு மாதிரியாகவும் இருக்கிறதாம். திருத்திக்கொண்டு வா என்றார்கள். அங்கே இருந்தவர், "எதற்காகப் போகிறீர்கள், சுற்றிப் பார்க்கவா, உறவினரைப் பார்க்கவா?" என்று கேட்டார். உறவினரை என்றேன். எத்தனை நாள் என்றார். பிறந்த வீட்டுக்கு எத்தனை நாள் என்று முன்கூட்டிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. போனாலும் என் மகள் இரண்டு வேளை குளிப்பாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, "ஆயர்" என்று கேட்பாள். அப்போது மதினிக்கு நான் உதவியா, பதின்மூன்றாவது ஆளா?

மதினிக்கே எழுதிக் கேட்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் வீட்டில் கடிதம் வந்தால், யாருக்கு வந்தாலும், அய்யா கூடத்தில் நின்று சத்தமாகப் படிப்பார். கடைக்குப் போகிற அண்ணனும் அடுப்படியில் இருக்கிற மதினியும் கேட்பார்கள். அதில் நான், "உங்களால் முடியுமா மதினி?" என்று எழுதினால், அய்யா திரும்பிப் பார்த்து, "முடியுமாத்தா?" என்பார். மதினி, "அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா, வரட்டும்" என்பார். வேறு எதைச் சொல்லமுடியும்? அய்யா இப்போதே வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறார். மகள் அனுப்புகிறவர்களை வேண்டாம் என்று மகளே எழுதினால் அவர் தெருவில் எப்படி நடப்பார் என்றும் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மதினி உண்மையிலேயே அவர்கள் வருவதை விரும்பினால்? கிளம்பும்போது அக்காவிடம் அவர், "நாலு சனம் வந்து போனாத்தான் வீடு வீடா இருக்கு. இல்லன்னா மாமாவும் செவருந்தான்" என்று சொன்னாராம். அம்மா இல்லாத, குழந்தை இல்லாத வீடு அது. இதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததனாலேயே அதை நம்பப் பயமாக இருக்கிறது.

6

மதினி ஆறாம் வகுப்பு வரை படித்தவர். பக்கத்து வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். அவர்கள் படித்த பிறகு இரவல் வாங்கி, உலை கொதிக்கிற நேரத்தில் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படிப்பார். கதை போடுகிற பத்திரிகையை அய்யா தொடமாட்டார். அதனால்தான் கடிதமாக எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். என் பெயரைப் போடவில்லை. தெருவில் அடையாளம் தெரியாதபடி ஓரிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். மதினிக்குத் தெரிந்துவிடும். ஆசிரியர் இதைத் தாமதிக்காமல் வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

மதினி, மாதக் கடைசியில் அய்யா எனக்குக் கடிதம் எழுதுவார். முடிக்கிற நேரத்தில் அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏத்தா, ஒன் நாத்தனாளுக்கு என்ன எழுத?" என்று கேட்பார். "கேட்டதா எழுதுங்க மாமா" என்பீர்கள். ஏழு வருடமாக அந்த ஒரு வரிதான் வருகிறது. உங்களால் முடியாது என்றால் இந்தத் தடவை, "இங்கன இன்னும் மழ இல்லன்னு எழுதுங்க மாமா" என்று மட்டும் சொல்லுங்கள். அய்யா அப்படியே எழுதிவிடுவார். அதில் பொய்யும் இல்லை. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அக்காவிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று இப்போது தெரியாது, ஆனால் சொல்லிவிடுவேன். நீங்கள் ஏழாம் மாதமே அபிராமம் போய்விடுங்கள்.

ஆனால் வழக்கம்போல "கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்" என்றே வந்தால், அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? அவர்கள் வரட்டும் என்று உங்கள் மனசு சொன்னதாகவா? இந்தப் பத்திரிகை உங்கள் கைக்குக் கிடைக்கவில்லை என்றா? கிடைத்தும், விருந்தாளியை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை என்றா?

இதைத்தான் வாசகர்களைக் கேட்கிறேன். முக்கியமாக, வெளியூர்க்காரர்கள் வந்து போகிற ஊர்களில் வாழ்க்கைப்பட்டு, அவர்கள் எழுவதற்கு முன்பே தண்ணீர் எடுத்து வைக்கிற பெண்களைக் கேட்கிறேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருக்கும்போது, தூரத்தில் இருக்கிற ஒருத்தி அதை என்னவென்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புவீர்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். கோஷ்டி ஏறுகிற கப்பல் ஆனிக் கடைசியில் புறப்படுகிறது.